மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம்

தம்பி,

சீனாவைப் பிறப்பிடமாகவும் கனடா மல்வேர்னை வதிவிடமாகவும் கொண்டிருந்த எங்கள் வீட்டு வக்யூம் கிளீனர், கடந்த திங்கட்கிழமை காலை, மாடிப்படியின் ஏழாவது படியில், கடமையில் இருந்த வேளையிலேயே காலமானது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறேன். அன்னார் வரவேற்பறைக் கம்பளத்தின் பாசமிகு துணைவரும், கூட்டுகிற தும்புத்தடியின் அன்புச் சகோதரரும், உன் அம்மாவின் தலைவலிக்கு ஏக காரணரும் ஆவார். இறுதிக்கிரியைகள் குப்பை வண்டி வரும் நேரத்தில் எங்கள் வாசலில் நடைபெறும். இதைத் தனிப்பட்ட அழைப்பாக எடுத்துக்கொண்டு நீ பிக்கரிங்கிலிருந்து புறப்பட்டு வரத்தேவையில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "உங்களுக்கு அறுபத்தாறு வயசு. நினைப்பு மட்டும் பதினாறு" என்றாள். "ஆறு ஒத்துப்போகுதுதானே, மிச்சத்தை ஏன் பெரிசுபடுத்துறீர்" என்றேன். "பிள்ளையோட கதைக்கவேண்டிய கதையை விட்டிட்டு வக்யூமுக்கு அழுதுகொண்டிருங்கோ" என்றாள். அவள் சொன்னது சரி. பகிடி எனக்கு முன்கதவு மாதிரி. அதால் போகாமல் எந்த வீட்டுக்குள்ளும் எனக்குப் போகத் தெரியாது. இப்போது உள்ளே வந்துவிட்டேன், சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நேரில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்ததும் வேறெதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுத் தப்பிவிடுவேன். அதனால்தான் கடிதம். எங்கள் ஆட்களின் இலவசப் பத்திரிகையில் இதைப் போடக் கொடுத்திருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. பொய்யை நான் பத்துப்பேர் முன்னால் சொன்னவன். உண்மையையும் அப்படியே சொல்வதுதான் ஒழுங்கு. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். ஆறுதலாக வாசி. வேகமாக வாசிக்கிறவனுக்குத்தான் கெதியில் கோபம் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவம் கிடந்தது. பேத்தி மீனா முதலாம் வகுப்புக்குப் போகப்போகிறாள், அதுவும் நீ படித்த அதே பள்ளிக்கூடத்துக்கு. காலையில் ஆங்கிலம், மதியத்துக்குப் பிறகு யப்பானிய மொழி என்று நாளை நடுவால் பிளந்து படிப்பிக்கும் அதே பள்ளிக்கூடம். நான் பத்தொன்பது வருடம் கூட்டித் துடைத்த அதே பள்ளிக்கூடம். படிவத்தில் ஒரு வரி வெறுமையாக இருந்தது: பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெரியவரின் பெயர். அந்தப் பெரியவர் முதல் மாதம் முழுவதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, பிள்ளைகள் வகுப்பைத் துப்புரவு செய்யும் இருபது நிமிடமும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்றும் கீழே எழுதியிருந்தது. உட்கார மட்டும்தான். நீ காலையில் ரெயின் பிடிக்கிறாய், மருமகள் எமிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, உன் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இந்தக் குடும்பத்தில் வேலையில்லாத ஒரே வாலிபன் நான்தான். "எழுது தம்பி என்ர பேரை. பேனை தரட்டே?" என்றேன். எமி உன்னைப் பார்த்தாள். நீ தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தாய். "நான் யோசிச்சுச் சொல்லுறன் அப்பா. மாதக் கடைசி வரைக்கும் நேரமிருக்கு" என்றாய். நானும் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு மீனாவுக்குக் காதை ஆட்டிக் காட்டப் போய்விட்டேன். நீ எதை யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இருபத்துநாலு வருடமாக நாங்கள் இருவரும் கதைக்காத கதை அது. அந்த வரியில் என் பெயர் வரவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு முன் மற்றதைச் சொல்லவேண்டும்.

அந்த வேலை எனக்குக் கிடைத்த விதத்தை நீ பலமுறை கேட்டிருக்கிறாய். ஆனால் ஒவ்வொருமுறையும் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன், கூட்டுவது என் தொழில்தானே. நடந்தது இவ்வளவுதான். உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவிய ஒரு பொடியன் சொன்னான், "அண்ணை, ஒரு யப்பான்காரரின்ர பள்ளிக்கூடத்தில கிளீனர் வேலை இருக்கு. அவங்கள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போவாங்கள். நிலத்தில ஊத்தையே இராது. சும்மா போய் நிண்டா சரி." நான் சும்மா நிற்பதில் கெட்டிக்காரன், போனேன். முதல் நாள் மதியம் மணி அடித்தது, ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய பாட்டு வந்தது, பிள்ளைகள் எல்லாம் தலையில் துணி கட்டிக்கொண்டு வாளியும் கையுமாக வெளியே வந்தார்கள். ஆறு வயதுச் சிறுசுகள் வரிசையாக முழந்தாளிட்டுத் துணியை நிலத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் மிச்சிக்கோ ரீச்சரிடம் போய், இவ்வளவு பேரும் அப்படி என்ன குழப்படி செய்தார்கள் என்று கேட்டேன். தண்டனை இல்லை, இதுவும் ஒரு பாடம், இதற்குச் 'சோஜி' என்று பெயர் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், "பிள்ளையளே கூட்டித் துடைக்குதுகள். நாளைக்கே என்னை நிப்பாட்டிப்போடுவாங்கள்." நிப்பாட்டவில்லை. சின்னப் பிள்ளைகள் துடைத்தால் நிலத்தில் மூன்று வாளித் தண்ணீர் நிற்கும் என்பதும், அதைத் துடைக்க ஒரு பெரிய ஆள் வேண்டும் என்பதும் மறுநாள்தான் தெரிந்தது.

உன்னை அங்கே சேர்த்தது என் வாய்தான், அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அது ஆங்கிலமும் யப்பானியமும் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கான இடம். அம்மா யப்பானியர், அப்பா கனடியர் என்று பாதிப்பேர், கம்பனி வேலைக்காக வந்த குடும்பங்கள் மீதி. கணக்கை ஒரு மொழியில் கூட்டிவிட்டுச் சண்டையை மற்ற மொழியில் பிடிக்கும் பிள்ளைகள். இரண்டு மொழிப் பிள்ளைகளைத்தான் எடுப்போம் என்றார் பள்ளி அதிபர். "என்ர மகனும் ரெண்டு மொழிப் பிள்ளைதான் சேர். ஒண்டு தமிழ், மற்றது இங்கிலீஷ். மூண்டாவதை நீங்கள் போடுங்கோ" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் நீ அங்கே இருந்தாய், அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே தமிழ்ப் பிள்ளையாக.

அந்தக் காலைப் பயணங்கள் உனக்கு நினைவிருக்கிறதா? மல்வேர்னில் எங்கள் வரிசை வீட்டின் முன்னால் காரின் கண்ணாடியில் பனிக்கட்டியை நான் சுரண்டுவேன், நீ உள்ளே இருந்துகொண்டு உன் மூச்சால் ஆவி படிந்த பக்கத்தில் விரலால் எழுத்து எழுதுவாய். பெருந்தெருவில் வரிசையில் நிற்கும்போது யப்பானிய எண்கள் பாடமாக்குவோம். இச்சி, நி, சான் என்று நீ தொடங்குவாய். "இச்சி, நீ, நான், அம்மா" என்று நான் முடிப்பேன். நீ முன்சீற்றில் விழுந்து விழுந்து சிரிப்பாய். ஒருநாள் வகுப்பில் அப்படியே சொல்லிவிட்டாய். மிச்சிக்கோ ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, கஜன் நான்கு என்ற இடத்தில் அம்மா என்கிறான், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கவலையோடு கேட்டார். உன் சாப்பாட்டுப் பெட்டியில் புட்டை உருட்டி அதன்மேல் கடற்பாசித் தாளைச் சுற்றி உன் அம்மா செய்துவிட்ட உருண்டைக்கு வகுப்பில் அடிபிடி. அந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கித் தின்றதாக நீ சொன்ன அன்று அவள் இரண்டு குழல் புட்டு அவித்தாள்.

ஏப்ரல் முதலாம் திகதியை நீ மறந்திருக்கமாட்டாய். வாசலில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் செருப்புகளை நீயும் நானும் காலை ஏழு மணிக்கே போய் மாற்றி வைத்தோம். இடது பெரிசு, வலது சின்னன், ஒன்று பச்சை, ஒன்று இளஞ்சிவப்பு. அன்றைக்கென்று யாரோ முக்கியமான ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அதிபர் ஒரு பச்சைக் காலும் ஒரு இளஞ்சிவப்புக் காலுமாக நின்று முழுப் பேச்சையும் முகம் மாறாமல் பேசி முடித்தார். போகும்போது என் பக்கம் திரும்பி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தார். மறுநாள் காலை என் எல்லாத் தும்புத்தடிகளிலும் சிவப்பு நாடாவால் பூ முடிச்சுப் போட்டிருந்தது. நீ அதைக் கண்டு, "அப்பா, அவர் உங்களை வெண்டிட்டார்" என்றாய். உனக்கு அப்போது எட்டு வயது. உலகத்தில் என்னைவிடப் பெரிய ஆள் இல்லை என்று நீ நினைத்திருந்த கடைசி வருடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் அந்த வருடம்தான் அந்தப் பிறந்தநாள் விழா வந்தது. எங்கள் ஆட்களிடையே நான் ஒரு 'பில்டிங் மனேஜர்'. அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தேன். பொய் என்று சொல்லமுடியாது, கட்டடத்தின் சாவி எல்லாம் என்னிடம்தானே இருந்தது. மண்டபத்தில் ஒரு அன்ரி உன் கன்னத்தைக் கிள்ளி, அப்பா எங்கே வேலை என்று கேட்டார். நீ ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, நல்ல சத்தமாக, "அப்பா எங்கட ஸ்கூலில கிளீன் பண்ணுறவர். நாங்களும் ரொயிலற் எல்லாம் கிளீன் பண்ணுறனாங்கள்" என்றாய். மேசையில் எல்லாரும் ஒரு விநாடி மெல்லுவதை நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், "ஓ, அப்ப குடும்பமாச் செய்யிறியள்" என்றார். "ஓம், பரம்பரைத் தொழிலாக்குவம் எண்டுதான்" என்று நான் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், நான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தேன். காருக்குள் ஏறியதும் உன்னிடம், "உதுகளை ஏன்ரா வெளியில சொல்லுறாய்? இனிமேல் சொல்லாதை" என்றேன். எதைச் சொல்லக்கூடாது என்று நீ கேட்டாய். நான் வானொலியைப் போட்டேன்.

எதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கக்கூசைக் கழுவ ஒருவர் வருவார். முன்வாசலால் வரமாட்டார், பின்னொழுங்கையால் வந்து கோடிப்பக்கத்தில் நின்று இருமுவார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு தனித் தகரப் பேணி வேலியில் தொங்கும். அவர் வயதில் என் அப்பாவைவிட மூத்தவர். நான் அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிடுவேன், பத்து வயதில். அவருடைய பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அதைவிட வெட்கம், ஒருநாள் அவருடைய வாளியை ஒளித்துவைத்துவிட்டு அவர் தேடித் திரிவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். என் பகிடிகளிலேயே இன்றைக்கும் என்னை உறுத்துகிற பகிடி அது. கனடாவில் அதே வாளியை என் கையில் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் எங்கள் ஆட்கள் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பேணி என் கண்முன் தொங்கும். நான் இதைச் செய்வது என் பிள்ளை இதைச் செய்யாமல் இருப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பெரிய தியாகம் என்றும் நினைத்தேன்.

பிறகு நீ நாலாம் வகுப்புக்கு வந்தாய். உன் குழுவுக்கு ஒரு மாதம் ஆண்பிள்ளைகளின் கழிப்பறை முறை விழுந்தது. முதல் நாள் நீ கையுறை போட்டு, பீங்கானுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, நாக்கை ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டு தேய்த்ததை நான் கதவு இடுக்கால் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்திலேயே நான் போய் முழுவதையும் கழுவி, துடைத்து, மினுக்கி வைத்துவிட்டேன். நீங்கள் வரும்போது கழுவுவதற்கு ஒன்றும் இராது. மற்றப் பொடியங்களுக்குக் கொண்டாட்டம், வாளியை உருட்டி விளையாடினார்கள். நான் நடைபாதையில் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன். என் வாழ்க்கையிலேயே செய்த மிகக் கெட்டிக்காரப் பகிடி என்று நினைத்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு முடிந்ததும் வட்டமாக இருந்து, இன்றைக்கு யார் என்ன செய்தோம் என்று சொல்லவேண்டும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது கிழமை ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தி, ஆண்பிள்ளைகள் ஒன்றும் செய்வதில்லை, அவர்கள் வருவதற்கு முன்பே கஜனின் அப்பா செய்துவிடுகிறார், நான் கண்டேன் என்று சொன்னாள். அந்தப் பெண்தான் எமி. என்னைக் காட்டிக்கொடுத்த கையோடு பதினைந்து பதினாறு வருடம் கழித்து என் மருமகளாக வரப்போகிறாள் என்று அப்போது தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக நடந்திருப்பேன். அன்றைக்கு ஒரு பொடியன் உன்னைப் பார்த்து, உனக்கென்று ஒரு வேலைக்காரன் இருக்கிறான் என்றானாம். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. மிச்சிக்கோ ரீச்சர்தான் சொன்னார்.

நீ செய்தது வேறு. பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போனபிறகு உன்னைத் தேடினேன். சிறுசுகளின் கழிப்பறையில் நீ தனியாக, கையுறையும் இல்லாமல், நிலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். "எழும்பு" என்றேன். "மாட்டன்." "எழும்படா, வீட்டை போகவேணும்." "நான் செய்யாத ஒன்பது நாள் மிச்சம் இருக்கு" என்றாய். "உது நீ செய்யிற வேலையில்லை" என்று கத்தினேன். அப்போது நீ திரும்பிப் பார்த்துக் கேட்டாய்: "நான் செய்யக்கூடாத வேலையெண்டா, நீங்க மட்டும் ஏன் செய்யிறீங்கள்?"

வாய்க்குப் பதிலாக அன்றைக்கு என் கை வேலை செய்தது. உன்னைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய், சவர்க்காரம் போட்டு உன் கையைக் கழுவினேன். ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. முதல் இரண்டு முறையும் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மூன்றாம் முறை நீ அழத்தொடங்கினாய், சத்தம் வராமல். அந்தக் கையில் அப்போது ஊத்தை ஒன்றும் இருக்கவில்லை. நான் எதைக் கழுவினேன் என்று எனக்கும் தெரியும், பத்து வயதில் உனக்கும் தெரிந்துவிட்டது. உன் கையில் அந்தப் பேணியை நானே கொண்டுவந்து தொங்கவிட்டேன். உன் அப்பா செய்கிற வேலை தொட்டால் கழுவவேண்டிய வேலை என்று உனக்குச் சொல்லித்தந்தது எங்கள் ஆட்கள் இல்லை, நான்.

அதற்குப் பிறகு நீ முன்சீற்றில் ஏறவில்லை. எண்கள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் காலையில் என்னைக் கண்டு குனிந்து வணக்கம் சொல்வார்கள், நீயும் சொல்வாய், அவர்களைப்போலவே, யப்பானிய மொழியில். அதுதான் எனக்கு வலித்தது. ரீச்சர் என்னைக் கண்டித்துப் பேசவில்லை. இனிமேல் அந்த இருபது நிமிடமும் நீங்கள் வெளியே போய் இருங்கள் என்று மட்டும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். துப்புரவு நேரத்தில் துப்புரவுத் தொழிலாளிக்குத் தடை. மீதி வருடங்கள் முழுவதும் நான் அந்த இருபது நிமிடமும் காருக்குள் இருந்து உங்கள் வகுப்பு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்களில் கேட்டவர்களுக்கு அது 'மீற்றிங் ரைம்' என்று சொன்னேன். நீ ஆறாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்கூடம் போனாய். பிறகு வளர்ந்தாய், படித்தாய், எமியை ஒரு கலியாணவீட்டில் திரும்பக் கண்டாய், என்னோடு கிரிக்கெட் பார்த்தாய், என் பகிடிக்குச் சிரித்தாய். நீ என்னோடு கோபம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் குழாயடியைப் பற்றி நீயும் ஒரு சொல் சொன்னதில்லை, நானும் ஒரு சொல் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். நான் செய்தது பிழை, தம்பி. என்னை மன்னித்துக்கொள். இதைச் சொல்ல எனக்கு இருபத்துநாலு வருடம் எடுத்தது. நீ மீனாவிடம் எதையாவது பிழையாகச் செய்தால் அன்று பின்னேரமே சொல்லிவிடு. பிந்தப் பிந்தச் சொல் சிறுக்காது, பெருத்துக்கொண்டே போகும். உனக்குத் தரக்கூடிய புத்திமதி என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் உன்னிடமிருந்துதான் நான் எடுத்தது.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். நீ யோசிப்பது நியாயம். மீனாவின் கையையும் இவர் இப்படித்தான் கழுவுவாரோ என்று யோசிக்கிறாய். அதனால் என் தகுதிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் திருந்திய மனிதன். அந்த நாளுக்குப் பிறகு எந்தப் பிள்ளையின் வேலையிலும் நான் கைவைத்ததில்லை. உன் வீட்டில் மீனா பாலை ஊற்றிவிட்டுத் தானே துடைக்கிறேன் என்று முழு அடுப்படிக்கும் பரப்பியபோது, உன் அம்மா பாய்ந்து வந்தாள், அவளை மறித்து நிறுத்தியவன் நான். இப்போது கேட்கிறவர்களிடம் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளீனராக இருந்தவன் என்று நேராகவே சொல்கிறேன். வோபர்ன் மரக்கறிக் கடையில் அந்தப் பிறந்தநாள் வீட்டு மனிதரைக் கண்டு வலியப் போய்ச் சொன்னேன், அவர் பாகற்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே "ஓ, அப்பிடியோ" என்றார். முந்தநாள் செவ்வாய்க்கிழமை புதுப் பிள்ளைகளின் பழகுநாளுக்கு நானும் எமியோடு போனேன். நான் நாற்காலியில் கல்லுப்போல இருந்தேன் என்று எமி உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்லமாட்டாள் என்பது நாலாம் வகுப்பிலேயே நிரூபிக்கப்பட்டது. ஒரு பெரியவர் எப்படிச் சும்மா இருக்கவேண்டும் என்பதற்கு அந்த அறையிலேயே நான்தான் உதாரணம்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை முடித்துவிடத்தான் இருந்தேன். பேனையையும் மூடினேன். உன் அம்மா பின்னால் நின்று கடைசிப் பந்தியை வாசித்துவிட்டு, "மிச்சத்தையும் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

எமி கண்டது முதல் பத்து நிமிடம். பிறகு அவளை ரீச்சர் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார், ஏதோ கையெழுத்துக்கு. மீனாவுக்கு ஒரு துணி கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அதைப் பிழியத் தெரியவில்லை. தண்ணீர் முழங்கையால் வழிந்தது, காலுறை நனைந்தது, அவளைச் சுற்றி ஒரு சின்னக் குளம். நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு அவள் அந்தக் குளத்துக்குள் முழந்தாளிட்டாள். நான் நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை, நிலத்தில் இருந்தேன், அவளுடைய துணி என் கையில் இருந்தது, பாதிக் குளம் காய்ந்திருந்தது. அவள் கத்தவில்லை. என் கையிலிருந்து துணியை ஒவ்வொரு விரலாகக் கழற்றி எடுத்தாள். "அப்பப்பா, உது என்ர. நீங்க வெளியில போங்கோ" என்றாள். நான் அசையவில்லை என்று கண்டு ஈரக்கை இரண்டாலும் என் முதுகில் தள்ளிக்கொண்டே வந்து, நடைபாதையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். எமி திரும்பி வருவதற்குள் நான் மெல்லக் கதவைத் திறந்து உள்ளே போய் மறுபடியும் நாற்காலியில் இருந்துவிட்டேன். முதுகில் இருந்த இரண்டு ஈரக் கையடையாளத்தை அவள் காணாதபடி நன்றாகச் சாய்ந்து.

காரில் வரும்போது மீனாவிடம், அம்மாவுக்குச் சொல்லப்போகிறாயா என்று காதுக்குள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கோ" என்றாள். ஆகவே சொல்லிவிட்டேன். இருபத்துநாலு வருடம் திருந்தியிருந்த மனிதன் தாக்குப்பிடித்தது எமி வெளியே போய் நாலு நிமிடம். படிவத்தில் யார் பெயரை எழுதுவது என்று நீ தீர்மானித்துக்கொள். என் பெயரை எழுதினாய் என்றால், பக்கத்தில் சின்னதாக இதையும் எழுதிவிடு: இவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மீனாவுடையது.

அப்பா